பழைய ஜாவாவை அழிப்பதற்கு முன்

பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருக்கும் லாரி கம்பெனி. வட பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்திலிருந்து சரக்கை ஏற்றி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும் கூலிம் பக்கமும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. டிரைவர், பட்டறை ஆட்கள், ஆபீஸ் எல்லாம் சேர்த்து 63 பேர். சம்பளமும் டிரிப் ஷீட்டும் 2013-இல் ஜாவா என்ற நிரல் மொழியில் எழுதிய ஒரு மென்பொருளில் ஓடுகின்றன. எழுதிக் கொடுத்தவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். மூல நிரல் மட்டும் கையில் இருக்கிறது. கணினி சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். அந்த மென்பொருளை ஓட வைக்கும் அடித்தளமான ஜாவா இயக்கச் சூழலை மாற்ற ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினேன். ஏழு வாரம் பிடித்தது, 5,680 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போனது, நோன்புப் பெருநாளுக்கு முன் கொடுக்க வேண்டிய சம்பளம் தப்பாகப் போகப் பார்த்தது. எந்த ஜாவா நல்லது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய ஜாவா ஃபோல்டருக்குள் பத்து வருடமாக என்னென்ன சேர்ந்து கிடக்கிறது என்று முதலில் பார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாற்ற வேண்டிய காரணம் இதுதான். சர்வரிலும் ஆபீஸ் கணினிகள் பதினாலிலும் ஆரக்கிள் கம்பெனி தரும் ஜாவா 8-இன் 202ஆம் அப்டேட் இருந்தது. அது 2019 ஜனவரியில் வந்தது. அந்த ஏப்ரல் 16-இல் வந்த 211ஆம் அப்டேட்டிலிருந்து உரிம விதி மாறி, தொழிலுக்குப் பயன்படுத்தச் சந்தா வேண்டும் என்றானது. பல கம்பெனிகளைப் போல நாங்களும் 202-லேயே நின்றுவிட்டோம். ஆறு வருடமாகப் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றுகூட ஏறவில்லை. 2023 ஜனவரியில் அந்தச் சந்தா ஆள் கணக்குக்கு மாறியது. ஜாவாவைத் தொடுகிறவர் எத்தனை பேர் என்பது கணக்கில்லை, கம்பெனியில் மொத்தம் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. 999 பேர் வரை ஆளுக்கு மாதம் 15 அமெரிக்க டாலர் என்பது பட்டியல் விலை. எங்கள் 63 பேருக்குப் போட்டால் வருடம் 11,340 டாலர், ஏறக்குறைய 50,000 வெள்ளி. முதலாளி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, வேற வழி இருக்கா பாரு" என்றார். கூடவே இ-இன்வாய்ஸ், அதாவது விலைப்பட்டியல்களை வருமான வரி வாரியத்துக்கு மின்வழி அனுப்பும் விதி, வந்தது. எங்கள் அளவுக் கம்பெனிகளுக்கு 2025 ஜூலை 1 கெடு. வருமான வரி வாரியத்தின் அமைப்போடு பேச வேண்டிய மென்பொருளை ஆறு வருடப் பழைய ஜாவாவில் வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஜாவா ஒரே கம்பெனியின் சரக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். அடிப்படை நிரலான ஓப்பன்ஜேடிகே பொதுவில் திறந்து கிடக்கிறது. ஒரே வயலின் நெல்லைப் பல ஆலைகள் அரைத்துத் தங்கள் பெயரில் மூட்டை கட்டுவது போல, அதைப் பலரும் கட்டித் தருகிறார்கள். எக்லிப்ஸ் அறக்கட்டளையின் அடோப்டியம் குழு தருவது டெமுரின். அமேசான் தருவது கொரெட்டோ, அசூல் தருவது ஜூலு, பெல்சாஃப்ட் தருவது லிபெரிக்கா. மைக்ரோசாஃப்டும் ஒன்று தருகிறது, ஆனால் அதில் 8 கிடையாது, 11-இலிருந்துதான். இவை எல்லாவற்றிலும் உள்ளே நிரலை ஓட்டுவது ஹாட்ஸ்பாட் என்ற ஒரே இயந்திரம். ஐபிஎம் தரும் செமெரு மட்டும் வேறு. வகுப்பு நூலகம், அதாவது கூடவரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு, அதேதான், இயந்திரம் ஓப்பன்ஜே9. ஹாட்ஸ்பாட் கட்டுகளில் எது சிறந்தது என்று இரண்டு வாரம் வேக ஒப்பீடுகளைப் படித்தேன். அந்த இரண்டு வாரம் வீண். எங்கள் அளவு வேலைக்கு அவற்றுக்கிடையே வேக வித்தியாசம் என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. எந்தப் பதிப்புக்கு எத்தனை வருடம் திருத்தம் தருகிறார்கள், திரைச் சாளரம் வரையும் ஜாவாஎஃப்எக்ஸ் கூடவே வருகிறதா, 32-பிட் விண்டோஸுக்குக் கட்டு உண்டா என்ற மூன்று கேள்விகளைத்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரியில் செய்த முதல் தவறு, ஓப்பன்ஜேடிகே திட்டத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து புதிதாக இருந்த 23-ஐ இறக்கியது. அங்கே கிடைக்கிற கட்டுகளுக்கு ஆறு மாதம்தான் திருத்தம் வரும். அடுத்த பதிப்பு வந்ததும் பழையதைக் கைவிட்டுவிடுவார்கள். 2024 செப்டம்பரில் வந்த 23-க்கு 2025 மார்ச்சோடு முடிவு. தொழிலுக்கு எடுக்க வேண்டியவை நீண்ட கால ஆதரவுள்ள பதிப்புகள்: 8, 11, 17, 21, அதற்குப் பிறகு 2025 செப்டம்பரில் வந்த 25. இரண்டாவது தவறு, ஆலையையும் பதிப்பையும் ஒரே நேரத்தில் மாற்றப் பார்த்தது. 8-க்கு எழுதிய மென்பொருளை 23-இல் ஏற்றினால் தொடங்கவே இல்லை. பழைய தொடக்கக் கோப்பில் பெர்ம்ஜென் என்ற பழைய நினைவகப் பகுதியின் அளவைக் குறிக்கும் ஒரு வரி இருந்தது. 8-இல் அதை எச்சரிக்கையோடு புறக்கணித்துவிடும். 17 முதல் அந்த வரி இருந்தால் இயந்திரம் எழும்பாது. அதை எடுத்தால் எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்க உதவும் ஜாக்ஸ்பி நூலகம் இல்லை என்றது, ஏனென்றால் 11-இலிருந்து அது ஜாவாவோடு வருவதில்லை, தனி நூலகமாகச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்தால், உள் வகுப்புகளைத் தொடும் பழைய நூலகம் ஒன்றைப் புதிய ஜாவா தடுத்தது. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு நாள். இதெல்லாம் பதிப்பு மாற்றத்தின் வலிகள், ஆலை மாற்றத்தோடு சம்பந்தமே இல்லாதவை. உரிமப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டுமானால் ஆரக்கிள் 8-இலிருந்து வேறு ஆலையின் 8-க்குப் போனாலே போதும். அது நிலைத்து இரண்டு மாதம் ஓடிய பிறகு பதிப்பைப் பற்றி யோசிக்கலாம்.

இந்த இடத்தில் பயந்துபோய் வெளி ஆலோசகர் ஒருவரைப் பிடித்தேன். 4,500 வெள்ளி. சர்வரில் நினைவகம் 8 ஜிபிதான் என்பதைப் பார்த்துவிட்டு, ஓப்பன்ஜே9 குறைவான நினைவகத்தில் ஓடும், அதற்குப் போகலாம் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. சோதனையில் நினைவகம் நன்றாகவே குறைந்தது. ஆனால் எங்கள் தொடக்கக் கோப்பில் ஹாட்ஸ்பாட்டுக்கென்று எழுதிய பத்துப் பன்னிரண்டு அமைப்புகள் இருந்தன. ஓப்பன்ஜே9 தனக்குத் தெரியாத அந்த வகை அமைப்புகளைப் பிழை சொல்லாமல் தாண்டிப் போய்விடும். பதிவு எழுதுவது பற்றிய சில அமைப்புகளும் அவற்றில் இருந்தன. எல்லாம் வேலை செய்கிறது என்று நம்பி ஒரு வாரம் ஓட்டினேன், பதிவு ஃபோல்டரைத் திறந்தால் காலி. இயந்திரத்தையே மாற்றுகிறவர்கள் தொடக்க வரிகளைப் புதிதாக எழுத வேண்டும், கண்காணிக்கிற கருவிகளையும் மாற்றப் பழக வேண்டும். தனி ஆளாக இருக்கிற எனக்கு இரண்டு வகை அறிவைச் சுமக்க முடியாது என்று தெரிந்து ஹாட்ஸ்பாட்டுக்கே திரும்பினேன். அந்த 4,500 வெள்ளிக்கு 16 ஜிபி நினைவகம் வாங்கிப் போட்டு மீதியும் வைத்திருக்கலாம் என்பது இன்றும் உறுத்துகிறது.

மார்ச் 8, சனிக்கிழமை. டெமுரின் 8-இன் 442ஆம் அப்டேட் என்று முடிவு செய்து, சர்வரை லினக்ஸில் டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது தனக்கு வேண்டியதை மட்டும் கொண்ட தனிப் பெட்டிக்குள், வைத்தேன். ஆபீஸ் கணினிகளில் பழைய ஜாவாவை ஒவ்வொன்றாக அகற்றினேன். இந்தக் கதையில் மிகப் பெரிய தவறு அந்த அகற்றல்தான். பழைய ஃபோல்டரை ஒரு ஜிப் கோப்பாகக்கூட எடுத்து வைக்கவில்லை. இலவசமாக எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடியது என்று நினைத்தேன். ஜாவாவை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அந்த ஃபோல்டருக்குள் எங்கள் முன்னோடிகள் கையால் சேர்த்து வைத்தவற்றை எங்கிருந்து இறக்குவது?

முதலில் விழுந்தது டெஸ்க்டாப் ஐகான்கள். கிராணிகள் (ஆபீஸ் எழுத்தர்கள்) காலையில் சொடுக்கித் திறக்கும் ஐகான் சர்வரிலிருந்து நிரலை இறக்கி ஓட்டும் ஜாவா வெப் ஸ்டார்ட் வழியாக ஓடுகிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை. அது ஆரக்கிள் 8-இல் கூடவே வந்தது. ஓப்பன்ஜேடிகே நிரலில் அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சொடுக்கினால் நோட்பேட் திறந்து ஏதோ எழுத்துகளைக் காட்டியது. இதற்கு ஓப்பன்வெப்ஸ்டார்ட் என்ற இலவச மாற்று இருக்கிறது. நிறுவி, அந்தக் கோப்பு வகையை அதோடு இணைத்தால் போதும், கணினிக்குப் பத்து நிமிட வேலை. அடுத்தது டிரிப் ஷீட்டின் வரைபடச் சாளரம். அது ஜாவாஎஃப்எக்ஸில் எழுதியது. அதுவும் ஆரக்கிள் 8-இல் கூடவே வந்ததுதான், டெமுரினில் வராது. வகுப்பைக் காணோம் என்று பிழை. லிபெரிக்காவின் முழுக் கட்டிலும், ஜூலுவின் எஃப்எக்ஸ் கட்டிலும் அது சேர்ந்தே வருகிறது. ஆகவே ஆபீஸ் கணினிகளுக்கு லிபெரிக்கா முழுக் கட்டு, சர்வருக்கு டெமுரின் என்று பிரித்தேன். ஒரே கம்பெனிக்குள் இரண்டு ஆலைச் சரக்கு இருந்தால் தப்பில்லை, பதிப்பும் அப்டேட் எண்ணும் ஒன்றாக இருந்தால் போதும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் சர்வர் தரவுத்தளத்தோடு பேச மறுத்தது. தரவுத்தள சர்வர் டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க முறையின் 1.0-ஐத் தேர்ந்தெடுத்தது, கிளையண்ட் (எங்கள் ஜாவா) 1.2-ஐத்தான் ஏற்கும் என்ற பொருளில் ஒரு வரி. 2021 ஏப்ரலில் வந்த அப்டேட்டுகளிலிருந்து ஜாவா டிஎல்எஸ் 1.0-ஐயும் 1.1-ஐயும் தானாகவே முடக்கிவைத்திருக்கிறது. எங்கள் தரவுத்தளமான எஸ்கியூஎல் சர்வர் 2012-க்குச் சர்வீஸ் பேக் (திருத்தத் தொகுப்பு) எதுவும் போடாததால் அதற்கு 1.0 மட்டும்தான் தெரியும். பழைய 202 அதைப் பொறுத்துக்கொண்டது, புதியது பொறுக்காது. எந்த ஆலையின் புதிய அப்டேட்டைப் போட்டிருந்தாலும் இதே பிழைதான் வந்திருக்கும். ஜாவாவின் பாதுகாப்பு அமைப்புக் கோப்பைத் திறந்து தடைப் பட்டியலிலிருந்து அந்த இரண்டு பெயர்களையும் நீக்கினால் உடனே ஓடும். நானும் அன்றிரவு அதைத்தான் செய்தேன். ஆனால் அடுத்த அப்டேட் போடும்போது அந்தக் கோப்பு புதிதாக வரும், திருத்தம் போய்விடும், மறுபடியும் இதே இரவு வரும். சரியான வைத்தியம் தரவுத்தளத்தில்தான். எஸ்கியூஎல் சர்வர் 2012-க்குச் சர்வீஸ் பேக் 4 போட்டால் அது 1.2 பேசும். இரண்டு வாரம் கழித்து அதைச் செய்தபின் ஜாவா பக்கத் திருத்தத்தை எடுத்துவிட்டேன். உங்களிடம் பழைய தரவுத்தளம் இருந்தால் ஜாவாவைத் தொடுமுன் இதைப் பாருங்கள்.

இரவு பத்து மணிக்கு, மின்னஞ்சல் போகவில்லை, ஸ்கேன் செய்த ஆவணங்களை வைத்திருக்கும் சர்வரும் திறக்கவில்லை. சான்றிதழ் பாதையைக் கட்ட முடியவில்லை என்று பிழை. மறுபக்கத்துச் சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ்களில் ஜாவா நம்புபவையெல்லாம் கேசெர்ட்ஸ் என்ற ஒரே கோப்பில் இருக்கும். 8-இல் அது ஜாவா ஃபோல்டருக்குள்ளேயே, ஜேஆர்இ, லிப், செக்யூரிட்டி என்ற வரிசையில் மூன்று படி உள்ளே இருக்கும். எங்கள் உள் சர்வர்களின் சொந்தச் சான்றிதழ்களை யாரோ 2015-இல் அதில் ஏற்றியிருக்கிறார்கள். நான் அழித்தது அதைத்தான். ஒவ்வொரு சர்வரிலிருந்தும் சான்றிதழை மறுபடி எடுத்து, ஜாவாவோடு வரும் கீடூல் என்ற கருவி கொண்டு ஏற்ற இரவு ஒன்றரை மணி ஆனது. ஜாவாவை மாற்றுகிறவர்கள் பழைய கேசெர்ட்ஸின் பட்டியலைக் கீடூலில் எடுத்து, புதியதின் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் அதன் கடவுச்சொல் 'சேஞ்ச்இட்'. உங்கள் கம்பெனியின் பெயரோ, உள் சர்வரின் பெயரோ கண்ணில் பட்டால் அதைத் தனியாக ஏற்றுமதி செய்து வையுங்கள். இப்போது நம்பிக்கைக் கோப்பை நான் ஜாவா ஃபோல்டருக்கு வெளியே தனி இடத்தில் வைத்து, தொடக்க வரியில் அதன் பாதையைக் கொடுத்துவிடுகிறேன். ஜாவா எத்தனை முறை மாறினாலும் அது அசையாது.

திங்கட்கிழமை பேஸ்லிப். பிடிஎஃப் எழுதும் இடத்தில் எழுத்துரு அமைப்பைத் தேடும்போது சர்வர் விழுந்தது. ஆரக்கிள் 8 லூசிடா எழுத்துருக்களைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருந்தது, ஓப்பன்ஜேடிகே கட்டுகளில் அவை கிடையாது, ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருப்பதை நம்பியிருக்கும். நான் கட்டிய கன்டெய்னரோ டெபியனின் மெலிந்த அடித்தளம். அதில் எழுத்துருவும் இல்லை, அதைத் தேடித் தரும் ஃபான்ட்கான்ஃபிக்கும் இல்லை. இரண்டையும் நிறுவியதும் பிடிஎஃப் வந்தது, ஆனால் பத்திகள் நகர்ந்திருந்தன. எழுத்துகளின் அகலம் வேறு என்பதால் "1,250.00" என்ற தொகையில் கடைசிச் சுழி வெட்டுப்பட்டு "1,250.0" என்று நின்றது. சம்பளத் தாளில் ஒரு சுழி குறைந்தால் டிரைவர்கள் பதறாமல் என்ன செய்வார்கள்? அறிக்கை வார்ப்பில் எழுத்துருவின் பெயரைச் சொல்லி, அந்த எழுத்துருக் கோப்பையும் மென்பொருளோடு சேர்த்துக் கட்டுவதுதான் நிலையான வழி. பேஸ்லிப்பின் அடியில் தமிழில் அச்சாகும் அறிவிப்பு வரியோ வரிசையாகக் கேள்விக்குறிகளாக வந்தது. கன்டெய்னருக்குள் மொழிச் சூழல் எதுவும் குறிக்காவிட்டால் 17 வரையிலான ஜாவா வெறும் ஆஸ்கி (ஆங்கில) எழுத்துகள்தான் என்று எடுத்துக்கொள்ளும். சூழல் மாறியில், எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறிமுறை என்று குறித்ததும் சரியானது. 18 முதல் யூடிஎஃப்-8 தானாகவே இயல்பாகிவிட்டது. அது நமக்கு நல்லது. ஆனால் பழைய விண்டோஸ் குறிமுறையில் சேமித்த கோப்புகள் உள்ளவர்கள் அந்தத் தாவலின்போது கவனமாக இருக்க வேண்டும்.

இனி சொல்லப்போவதுதான் என்னை உண்மையில் உலுக்கியது. அந்த வருடம் நோன்புப் பெருநாள் மார்ச் 31. அதனால் மார்ச் சம்பளத்தை 26ஆம் தேதியே போட வேண்டும். 24ஆம் தேதி மாலை சம்பளம் பார்க்கும் அக்கா ஒரு பேஸ்லிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, இவருக்கு ஏன் ஈ.பி.எஃப். பிடிக்கல?" மூத்த டிரைவர் ஒருவர். ஊழியர் சேமநிதியில் 60 வயதுக்குப் பின் விகிதம் மாறிவிடும். மலேசியக் குடிமகனாக இருந்தால் தொழிலாளியின் பங்கு இல்லை, முதலாளி பங்கு 4 சதவீதம். மென்பொருள் அவருக்கு மார்ச்சிலேயே 60 ஆகிவிட்டது என்று கணக்குப் போட்டிருந்தது. திரையில் பிறந்த தேதி 31-03-1965. அக்கா தாளின் மேலே இருந்த அடையாளக் கார்டு எண்ணில் விரலை வைத்தார். முதல் ஆறு இலக்கம் 650401. ஏப்ரல் ஒன்று. நம் கார்டு எண்ணின் தொடக்கமே பிறந்த தேதி என்பதால்தான் அது கண்ணில் பட்டது.

வரிசையாகப் பார்த்தோம். 1982-க்குப் பின் பிறந்தவர்கள் எல்லாருக்கும் சரி. அதற்கு முன் பிறந்த 27 பேருக்கும் ஒரு நாள் முந்தி. காரணம் புரிய நள்ளிரவு ஆகிவிட்டது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1981 முடியும்வரை கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முந்தியிருந்தது. 1982 ஜனவரி 1 அன்று அரை மணி தள்ளி எட்டு ஆக்கினார்கள். ஜாவாவின் நேர மண்டலத் தரவுக்கு இந்த வரலாறு தெரியும். விண்டோஸ் கணினிகள் ஆசியா, கோலாலம்பூர் மண்டலத்தில் இருந்தன. கன்டெய்னரில் நேர மண்டலம் குறிக்காததால் அது கிரீன்விச் நேரத்தில் எழும்பியது, அதைச் சரிசெய்ய நான் அவசரத்தில் கூட்டல் எட்டு என்று வெறும் எண்ணைக் கொடுத்திருந்தேன். எண்ணுக்கு வரலாறு தெரியாது. சர்வர் 1965 ஏப்ரல் 1 நள்ளிரவை எட்டு மணிக் கணக்கில் மில்லிவினாடியாக்கி அனுப்ப, டெஸ்க்டாப் அதை ஏழரை மணிக் கணக்கில் பிரித்து, முந்தின நாள் இரவு 11:30 என்று படித்தது. நேரம் திரையில் வராது, தேதி மட்டும்தான் வரும். ஆகவே மார்ச் 31. இன்னும் மோசம், முகவரி திருத்துவதற்காக யாருடைய பதிவையாவது திறந்து சேமித்தால், திரையில் இருக்கும் அந்தத் தப்புத் தேதியே தரவுத்தளத்தில் ஏறிவிடும். இரண்டு வாரத்தில் ஒன்பது பதிவுகள் அப்படி மாறியிருந்தன, அதில் ஒன்று இரண்டு நாள் பின்னே போயிருந்தது.

வைத்தியம் ஒரே வரி. சர்வருக்கு எண்ணுக்குப் பதில் ஆசியா, கோலாலம்பூர் என்ற மண்டலப் பெயரைக் கொடுக்க வேண்டும்; நடுவில் சாய்கோடு, கோலாவுக்கும் லம்பூருக்கும் இடையில் அடிக்கோடு. வேறொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன்: 'ஈடிசி' என்று தொடங்கும் மண்டலப் பெயர்களில் கூட்டல் கழித்தல் தலைகீழ். அங்கே கூட்டல் எட்டு என்றால் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் பிந்திய இடம். மாறிப்போன ஒன்பது பதிவுகளையும் அடையாளக் கார்டு எண்ணோடு ஒப்பிட்டு, அக்காவும் நானும் கையால் திருத்தினோம். 25ஆம் தேதி மாலை சம்பளம் மறுபடி ஓடியது. அந்த இரண்டு வாரத்துக்கும் கிராணிகளின் ஓவர்டைம் 1,180 வெள்ளி. அக்கா அந்தத் தாளைப் பார்க்காமல் விட்டிருந்தால் பெருநாளுக்கு வீட்டுக்குப் போன மனிதரின் சேமநிதியில் ஒரு மாதப் பங்கு குறைந்திருக்கும், எனக்கு அது தெரிந்தே இருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

இப்போது இன்னொரு கம்பெனிக்கு இதே வேலையைச் செய்யச் சொன்னால் இப்படித்தான் தொடங்குவேன். எந்தக் கணினியிலும் எதையும் அகற்றமாட்டேன். பழைய ஜாவா ஃபோல்டரை முழுதாக ஜிப் செய்து வைப்பேன். ஜாவாவுக்குத் தன் அமைப்புகளையெல்லாம் திரையில் கொட்டச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு, ஷோசெட்டிங்ஸ் என்று பெயர். அதைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, எழுத்துக் குறிமுறை, மொழி, நினைவக உச்ச அளவு மூன்றையும், தனியாகப் பார்த்த நேர மண்டலத்தையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். நினைவகத்தை நாம் குறிக்காவிட்டால் ஜாவா தன் கண்ணுக்குத் தெரியும் நினைவகத்தில் கால்வாசியைத்தான் உச்சமாக எடுக்கும். கன்டெய்னருக்கு 2 ஜிபி ஒதுக்கினால் கிடைப்பது அரை ஜிபி என்று அப்போதே தெரிந்துவிடும். பிறகு அதே ஜாவா 8-இன் அதே அப்டேட் எண்ணுக்கு மிக நெருங்கிய மாற்றுக் கட்டை ஒரே ஒரு கணினியில் போடுவேன், சர்வர் இருந்த விண்டோஸிலேயே இருக்கட்டும். முடிந்துபோன ஒரு மாதச் சம்பளத்தைப் புதியதில் மறுபடி ஓட்டி, 63 பேஸ்லிப்பையும் சென் வரை பழையதோடு ஒப்பிடுவேன். இதோடு பிறந்த தேதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அந்தக் கோளாறு முதல் மாலையே பிடிபட்டிருக்கும். அது சரியாக வந்த பிறகுதான் புதிய அப்டேட், அதற்குப் பிறகு லினக்ஸ், கடைசியில் பதிப்பு. இரண்டு மாற்றத்தை ஒரே நாளில் செய்தால் பிழை எதிலிருந்து வந்தது என்று தேடுவதிலேயே இரவு போய்விடும்.

இன்னொன்று, கட்டளைத் திரையில் ஜாவாவின் பதிப்பைக் கேட்டுப் பார்த்துவிட்டு, மாறிவிட்டது என்று நம்பாதீர்கள். ஆரக்கிள் நிறுவி தேடல் பாதையின் முன்வரிசையில் தன் சொந்த ஃபோல்டரை நுழைத்துவைக்கும். புதியதைப் போட்டாலும் பழையதே பதில் சொல்லும். விண்டோஸ் சேவையாக ஓடும் டாம்கேட் என்ற ஜாவா சர்வர் மென்பொருளோ எந்தப் பாதையையும் பார்க்காமல், தன் அமைப்பில் எழுதியிருக்கும் ஜேவிஎம் (ஜாவா இயந்திரம்) கோப்பையே நேராகத் திறக்கும். ஜாவா தனிச் செயலியாக ஓடினால் டாஸ்க் மேனேஜரில் அதன் கோப்பின் இடத்தைத் திறந்து பாருங்கள், டாம்கேட் சேவையானால் அதன் அமைப்பில் எழுதியிருக்கும் ஜேவிஎம் பாதையைப் பாருங்கள். அதுதான் சாட்சி. திருத்தங்கள் வருடத்துக்கு நான்கு முறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் மூன்றாம் செவ்வாய் வரும். அந்த நான்கு தேதிகளும் இப்போது ஆபீஸ் காலண்டரில் சிவப்பு மையில் இருக்கின்றன. ஏப்ரலில் வந்த 452-ஐ 26ஆம் தேதி சனிக்கிழமை போட்டேன், பதினாலு கணினிக்கும் சர்வருக்கும் சேர்த்து மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. இ-இன்வாய்ஸுக்கு வேண்டியதைப் பழைய மென்பொருளுக்குள் திணிக்காமல், ஜாவா 21-இல் தனிச் சிறு நிரலாக எழுதி அதே சர்வரில் பக்கத்துக் கன்டெய்னரில் வைத்திருக்கிறேன். இரண்டு ஜாவாவும் ஒன்றையொன்று தொடாது.

மாறாமல் இருப்பது முற்றத்து எடைமேடைக் கணினி ஒன்றுதான். எடைக்கருவியோடு சீரியல் கம்பி வழியாகப் பேசும் நூலகம் 32-பிட்டில் கட்டியது, 64-பிட் ஜாவா அதை ஏற்றாது, கருவி செய்தவர்களிடம் 64-பிட் நூலகம் இல்லை. ஆகவே அதற்கு 32-பிட் லிபெரிக்கா 8-ஐப் போட்டு, வெளி இணையத்தைத் துண்டித்து, உள் சர்வரோடு மட்டும் பேச விட்டிருக்கிறேன். 24-இலிருந்து 32-பிட் விண்டோஸுக்கான ஆதரவை ஓப்பன்ஜேடிகே நிரலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்தக் கணினிக்கு இனி வழி எடைக்கருவியை மாற்றுவதுதான். விலைக் கேட்பு அனுப்பியிருக்கிறோம்.